ஈக்வேஷன் கையில இருக்கு, விடை மட்டும் வரல: சைன் ப்ராப்ளம் பத்தி கொஞ்சம் பேசலாம்

நியூட்ரான் ஸ்டார், அதாவது ஒரு பெரிய நட்சத்திரம் வெடிச்சு செத்தப்புறம் மிஞ்சுற நசுங்குன உருண்டை, அதோட நட்ட நடுவுல என்ன இருக்குன்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது. நியூட்ரான் நியூட்ரானாவே இருக்கா, இல்ல எல்லாம் நசுங்கி உள்ள இருக்குற குவார்க்குகள் வெளிய வந்து கலந்து கிடக்கா, தெரியாது. இதுல கடுப்பேத்துற விஷயம் என்னன்னா அங்க நடக்குறதுக்கான சமன்பாடு நமக்கு நல்லாவே தெரியும். குவார்க், அதுகள ஒட்டி வெக்குற குளுவான், ரெண்டும் எப்படி நடந்துக்கும்னு சொல்ற தியரிக்கு க்யூசிடினு பேரு, முழுப் பேரு குவான்டம் குரோமோடைனமிக்ஸ், 1973-ல கிராஸ், வில்செக், பொலிட்சர்னு மூணு பேர் இதோட முக்கியமான முடிச்ச அவுத்தாங்க, 2004-ல அதுக்கு நோபலும் வாங்கிட்டாங்க. மொத்த தியரியையும் ஒரே வரில எழுதிடலாம். ஆனா அந்த ஒரு வரிய வெச்சுகிட்டு "இவ்ளோ அடர்த்தில பிரஷர் எவ்ளோ?"ன்னு ஒரு சாதாரண கேள்வி கேட்டா, விடை வராது.

அடர்த்தின்னா எவ்ளோ அடர்த்தின்னு ஒரு ஐடியாவுக்கு: சாதாரண அணுக்கரு இருக்குற அடர்த்திலயே ஒரு கன சென்டிமீட்டர், அதாவது ஒரு சின்ன தாயக்கட்டை அளவு, 25 கோடி டன்னுக்கு மேல எடை இருக்கும். நியூட்ரான் ஸ்டார் நடுவுல அத விட சில மடங்கு அதிகம்.

"பெரிய சூப்பர் கம்ப்யூட்டரா போட்டு ஓட்ட வேண்டியதுதானே"ன்னு தோணும், எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. நான் இந்தக் கட்டுரைல சொல்ல வர்றதே அதப் பத்திதான், கம்ப்யூட்டர் வேகம் பத்தாததால இந்தக் கணக்கு நிக்கல, நம்ம கணக்கு போடுற முறை எந்த ஒரு விஷயத்த நம்பி நிக்குதோ அந்த விஷயமே அடர்த்தி கூடுனா கால வாரி விட்டுடுது. அதே மாதிரி நேரத்தோட மாறிட்டே இருக்குற, சமநிலைக்கு இன்னும் வராத ஒரு சிஸ்டத்த கணக்கு போடப் போனாலும் அதே விஷயம்தான் கால வாருது. பாக்க ரெண்டு வேற வேற பிரச்சனை மாதிரி இருக்கும், உள்ள போனா ஒரே வியாதி.

முதல்ல வேலை செய்யுற கதைய பாத்துடலாம், அப்பதான் எங்க உடையுதுன்னு புரியும்.

புலம்னா இடத்தோட ஒவ்வொரு புள்ளிலயும் ஒரு மதிப்பு இருக்குற சமாச்சாரம், அவ்ளோதான். ஒரு ரூமுக்குள்ள ஒவ்வொரு இடத்துலயும் ஒரு வெப்பநிலை இருக்குல்ல, அதுவும் ஒரு புலம்தான். குவான்டம்னு வந்துட்டா புலம் ஏதோ ஒரு வடிவத்துல இருக்குன்னு சொல்ல முடியாது, அது எடுக்கக்கூடிய எல்லா வடிவத்தையும் ஒண்ணு விடாம எடுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெயிட் குடுத்து மொத்தமா கூட்டணும், ஃபெய்ன்மேன் 1948-ல எழுதுன பாத் இன்டெகிரல்னு சொல்றது இதத்தான். எல்லா வடிவமும்னா முடிவே இல்லாத எண்ணிக்கை, அதனால 1974-ல கென்னத் வில்சன் ஒரு வழி சொன்னாரு, இடத்தையும் நேரத்தையும் கட்டம் கட்டமா வெட்டிடுவோம், கட்டத்தோட மூலைகள்ல குவார்க்க வைப்போம், மூலைக்கும் மூலைக்கும் நடுவுல இருக்குற கோடுகள்ல குளுவான வைப்போம்னு. இதுதான் லேட்டிஸ். கட்டத்தோட அளவு 0.1 ஃபெம்டோமீட்டர் இல்ல அதுக்கும் கம்மி, ஒரு புரோட்டானோட ஆரமே சுமாரா 0.84 ஃபெம்டோமீட்டர்தான், அதனால ஒரு புரோட்டானுக்குள்ள நிறைய கட்டம் அடங்கிடும்.

இப்ப எண்ணிப் பாருங்க. இடத்துல ஒவ்வொரு பக்கமும் 64 புள்ளி, நேரத்துல 128 புள்ளின்னு ஒரு லேட்டிஸ் வெச்சா மொத்தம் 3.3 கோடி புள்ளி. ஒவ்வொரு புள்ளிலயும் நாலு திசைல நாலு கோடு, ஒவ்வொரு கோட்டுலயும் 8 எண். பெருக்குனா 107 கோடி எண் வரும். அதாவது 107 கோடி மாறி இருக்குற ஒரு இன்டெகிரல். பன்னெண்டாவதுல ஒரு மாறி இருக்குற தொகையீட்டுக்கே நாம பட்ட பாடு தெரியும்.

இத நேரடியா யாரும் போட மாட்டாங்க. மான்டே கார்லோன்னு ஒரு முறை இருக்கு. எல்லா வடிவத்தையும் பாக்காம, எந்த வடிவத்துக்கு வெயிட் அதிகமோ அத அடிக்கடியும், வெயிட் கம்மியா இருக்குறத எப்பயாவதும் எடுத்து, எடுத்த சாம்பிள்களோட சராசரிய போட்டுட்டா போதும். வெயிட்டுக்கு ஏத்த மாதிரி எப்படி எடுக்குறதுங்குற வழி 1953-லயே வந்துடுச்சு, மெட்ரோபோலிஸ் அல்காரிதம். ஒரு வடிவத்துல நின்னுகிட்டு கொஞ்சம் மாத்திப் பாரு, வெயிட் கூடுனா அங்க போ, குறைஞ்சா ஒரு பகடை உருட்டி முடிவு பண்ணு, இவ்ளோதான் அதோட சாரம். ஆயிரக்கணக்கான சாம்பிள் இருந்தாலே 107 கோடி மாறி இருக்குற கணக்குக்கு உருப்படியான விடை வந்துடும், எப்ப நினைச்சாலும் எனக்கு இது நம்ப முடியாத விஷயமாத்தான் தோணும்.

ஆனா இதுல ஒரு சின்ன கண்டிஷன் ஒளிஞ்சிருக்கு. "இந்த வடிவத்த அடிக்கடி எடு"ன்னு சொல்லணும்னா வெயிட் ஒரு நிகழ்தகவு மாதிரி இருக்கணும், அதாவது பூஜ்யமோ பாசிட்டிவ்வோ. ஒரு விஷயத்த மைனஸ் 3 தடவ எடுக்க முடியாது, 2 கூட்டல் 5 ஐ தடவயும் எடுக்க முடியாது (ஐ-ங்குறது மைனஸ் ஒண்ணோட வர்க்கமூலம், கலப்பெண் பாடத்துல வர்றது).

உண்மைய சொன்னா ஃபெய்ன்மேனோட ஒரிஜினல் வெயிட்டே கலப்பெண்தான். அது ஒரு கடிகார முள்ளு மாதிரி, நீளம் எப்பவும் ஒண்ணு, திசை மட்டும் வடிவத்துக்கு வடிவம் சுத்திகிட்டே இருக்கும். அப்ப லேட்டிஸ்காரங்க எப்படி தப்பிச்சாங்கன்னா, நேரத்த கற்பனை எண்ணா மாத்திட்டாங்க. கேக்க ஏமாத்து வேலை மாதிரி இருக்கும் ஆனா கணக்குப்படி நியாயமானதுதான், அப்படி மாத்துனா சுத்துற முள்ளு நின்னு, வெயிட் நல்ல பாசிட்டிவ் எண்ணா ஆயிடும், அதோட அந்த கற்பனை நேரத்தோட மொத்த நீளம் வெப்பநிலையோட தலைகீழா மாறி உக்காந்துக்கும். அதாவது சமநிலைல, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைல இருக்குற ஒரு சிஸ்டத்த அப்படியே கணக்கு போடலாம். விலையா நாம குடுத்தது நிஜ நேரத்த. அந்தக் கடன் பின்னாடி வந்து கதவ தட்டும்.

இந்த முறை சும்மா ஒண்ணும் இல்ல. 2008-ல புரோட்டான் உள்பட பல துகளோட நிறைய சமன்பாட்டுல இருந்து நேரா கணக்கு போட்டு சில சதவீத பிழைக்குள்ள எடுத்துட்டாங்க. சூடு ஏத்துனா புரோட்டான், நியூட்ரான் எல்லாம் உருகி குவார்க் குளுவான் பிளாஸ்மா ஆகும்ல, அது எந்த வெப்பநிலைலன்னா சுமார் 156 மெகா எலக்ட்ரான் வோல்ட், டிகிரில சொன்னா 1.8 லட்சம் கோடி, சூரியனோட நடுப்பகுதிய விட லட்சம் மடங்குக்கு மேல. இதுவும் லேட்டிஸ் கணக்குல வந்த எண்தான். அந்த உருகுறதும் ஐஸ் உருகுற மாதிரி படக்குன்னு நடக்காது, வெண்ணெய் இளகுற மாதிரி வழவழன்னு மாறும்னு 2006-லயே காட்டிட்டாங்க. ஆக சூடான பக்கம் நமக்கு நல்லா தெரியும். அடர்த்தியான பக்கம்தான் இருட்டு.

ஏன்? இங்கதான் கொஞ்சம் நிதானமா போகணும்.

சிமுலேஷன்ல அடர்த்திய ஏத்தணும்னா கெமிக்கல் பொட்டென்ஷியல்னு ஒரு குமிழ திருப்பணும். குமிழ் பூஜ்யத்துல இருந்தா பெட்டிக்குள்ள குவார்க்கும் அதோட எதிர்த்துகளான ஆன்டிகுவார்க்கும் சராசரியா சம அளவு, குமிழ திருப்ப திருப்ப குவார்க் எண்ணிக்கை ஆன்டிகுவார்க்க விட கூடிட்டே போகும். நியூட்ரான் ஸ்டார்ல எல்லாமே குவார்க்தான், ஆன்டிகுவார்க் கிட்டத்தட்ட கிடையாது, அதனால குமிழ நல்லா திருப்பியாகணும்.

இப்ப லேட்டிஸ்ல ஒரு குவார்க் கற்பனை நேரத்துல ஒரு முழு சுத்து சுத்தி கிளம்புன இடத்துக்கே வருதுன்னு வைங்க. போற வழில இருக்குற குளுவான் கோடுகள எல்லாம் பெருக்குனா ஒரு கலப்பெண் வரும், உதாரணத்துக்கு 0.5 கூட்டல் 0.5 ஐ. அதே பாதைல எதிர்த்திசைல சுத்துறது ஆன்டிகுவார்க். அதுக்கு வர்றது கண்ணாடி பிம்பம், 0.5 கழித்தல் 0.5 ஐ. குமிழ் பூஜ்யத்துல இருந்தா ரெண்டையும் சமமா கூட்டணும், கற்பனை பகுதி ரெண்டும் அடிச்சுக்கிட்டு போய் 1 வரும். சுத்தமான ரியல் எண், பிரச்சனை இல்ல.

குமிழ திருப்புனா குவார்க்குக்கு சலுகை, ஆன்டிகுவார்க்குக்கு அபராதம். முன்னாடி சுத்துறத 3 ஆல பெருக்குறோம், பின்னாடி சுத்துறத 3 ஆல வகுக்குறோம்னு வைங்க. இப்ப கூட்டுனா ரியல் பகுதி 1.67, கற்பனை பகுதி 1.33. அடிச்சுக்கிட்டு போகல, மிச்சம் நின்னுடுச்சு. வெயிட் கலப்பெண் ஆயிடுச்சு. மான்டே கார்லோ அத்தோட செத்துச்சு.

இந்த ஒரு சின்ன கூட்டல் கணக்குலயே இன்னும் ரெண்டு விஷயம் கிடைக்கும், அதனாலதான் இத இவ்ளோ நேரம் சொன்னேன். நிஜ குவார்க்குக்கு மூணு கலர் இருக்கு (கண்ணுல தெரியுற நிறம் இல்ல, சார்ஜ் மாதிரி ஒரு குணத்துக்கு வெச்ச பேரு), அதுக்கு பதிலா ரெண்டு கலர் மட்டும் இருக்குற ஒரு பொம்மை உலகத்த எடுத்தா அந்த சுத்துக்கு வர்ற எண் எப்பவுமே ரியல் எண்ணாதான் இருக்கும், அதனால குமிழ எவ்ளோ திருப்புனாலும் கற்பனை பகுதி முளைக்காது, அந்த உலகத்துல அடர்த்தி பக்கம் தைரியமா சிமுலேஷன் ஓட்டலாம், ஓட்டவும் செய்யுறாங்க. ரெண்டாவது, குமிழையே கற்பனை எண்ணா திருப்புனா 3, 3-ல் ஒண்ணுங்குற பெருக்கிகளுக்கு பதிலா ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பமா இருக்குற ரெண்டு கலப்பெண் வந்து உக்காரும், அப்பவும் கூட்டுனா ரியல். இது பின்னாடி உதவும்.

சரி, வெயிட்டுல கொஞ்சம் ப்ளஸ் மைனஸ் கலந்தா என்ன குடி முழுகிடும்? இதுக்குத்தான் சைன் ப்ராப்ளம்னு பேரு, ட்ரிக்னாமெட்ரில வர்ற சைன் இல்ல, ப்ளஸ் மைனஸ் குறிய சொல்றது. இது எவ்ளோ கொடூரம்னு பாக்க 107 கோடி மாறி வேண்டாம், ஒரே ஒரு மாறி போதும். பெல் கர்வ் தெரியும்ல, நார்மல் டிஸ்ட்ரிபியூஷன், அதுல இருந்து ரேண்டமா ஒரு எண் எடுங்க, அத 5 ஆல பெருக்கி கொசைன் (cos) போடுங்க, இதையே திரும்பத் திரும்ப பண்ணி சராசரி எடுங்க. பைத்தான் தெரிஞ்சா மூணு வரிதான். சரியான விடை பேப்பர்லயே தெரியும், 0.0000037. ஆனா ஒவ்வொரு தடவையும் வர்ற எண் மைனஸ் 1-க்கும் ப்ளஸ் 1-க்கும் நடுவுல எகிறி குதிச்சுட்டு இருக்கும். பத்து லட்சம் சாம்பிள் எடுத்தா 0.0006-னு வரும், திரும்ப ஓட்டுனா மைனஸ் 0.0009-னு வரும், உண்மையான விடை இந்த இரைச்சலுக்கு அடில எங்கயோ புதைஞ்சு கிடக்கும். 10 சதவீத துல்லியம் வேணும்னா 3.6 லட்சம் கோடி சாம்பிள் வேணும்.

அந்த 5-அ 10-னு மாத்துங்க, வேற ஒண்ணும் மாத்த வேண்டாம். இப்ப தேவையான சாம்பிள் 1-க்கு பின்னாடி 45 பூஜ்யம். நொடிக்கு ஒரு சாம்பிள் இல்ல, நொடிக்கு நூறு கோடி கோடியையும் தாண்டி இன்னும் நூறு மடங்கு, அதாவது 1-க்கு பின்னாடி 18 பூஜ்யம் போட்ட அளவு வேகத்துல, இன்னைக்கு இருக்குற எக்ஸாஸ்கேல் மெஷின்கள் மாதிரி ஒண்ணு பிரபஞ்சம் பிறந்த அன்னைல இருந்து நிக்காம ஓடியிருந்தாலும் இன்னும் கோடிக்கணக்கான மடங்கு பாக்கி இருக்கும். ஒரே ஒரு மாறிக்கு.

நிஜ க்யூசிடில அந்த 5, 10 இடத்துல உக்காந்திருக்குறது பெட்டியோட சைஸும் குமிழோட அளவும். ஒரு சின்ன பெட்டில ப்ளஸ் மைனஸ் அடிச்சுக்கிட்டு போக பத்துல ஒரு பங்கு மிஞ்சுதுன்னு வைங்க, பரவால்ல, சமாளிக்கலாம். பெட்டியோட நீள அகல உயரத்த ரெண்டு மடங்கு ஆக்குனா கன அளவு 8 மடங்கு, மிஞ்சுறது பத்துல ஒண்ணுல இருந்து பத்து கோடில ஒண்ணா சுருங்கிடும். அதுக்கு தேவையான சாம்பிள் அதோட வர்க்கம். லாரி மேல ஒரு கொசு உக்காந்திருக்கு, அதோட எடைய கண்டுபிடிக்க கொசுவோட ஒரு தடவ, கொசு இல்லாம ஒரு தடவ லாரிய எடை மேடைல ஏத்தி கழிச்சுப் பாக்குற மாதிரி. எடை மேடைய பத்து மடங்கு நல்லதா வாங்குனாலும் லாரி அதுக்குள்ள நூறு மடங்கு பெருசாயிடும்.

இதுக்கு ஆளுங்க என்னென்ன பண்ணிப் பாத்தாங்கன்னு பாத்தா, முதல் ரகம் வாசல்லயே நின்னு உள்ள எட்டிப் பாக்குறது. குமிழ் பூஜ்யத்துல இருக்கும்போது சிமுலேஷன் நல்லா ஓடும், அங்கயே நின்னுகிட்டு குமிழ லேசா திருப்புனா பிரஷர் எவ்ளோ மாறும், அந்த மாற்றம் எவ்ளோ மாறும்னு வரிசையா டெரிவேட்டிவ் எடுத்து டெய்லர் தொடரா எழுதிடலாம். 2000-களோட ஆரம்பத்துல மும்பைல இருக்குற டாடா ஆராய்ச்சி நிறுவனம் டிஐஎஃப்ஆர்ல ராஜீவ் கவாயும் சௌரேந்து குப்தாவும் இந்த வழில பெரிய வேலை பண்ணாங்க, ஜெர்மனில பீலஃபெல்ட் குழுவும் அதே சமயத்துல பண்ணுச்சு. இன்னொரு வழி மேல சொன்ன கற்பனை குமிழ், அந்தப் பக்கம் சைன் ப்ராப்ளம் இல்லல்ல, அங்க சிமுலேஷன் ஓட்டி வர்ற வளைவ ரியல் பக்கத்துக்கு நீட்டிப் பாக்குறது, ஃபிலிப் டி ஃபோர்க்ராண்டும் ஓவே ஃபிலிப்சனும் 2002-ல பண்ணது. ரெண்டுமே கொஞ்ச தூரம் நல்லா போகும், பேரியான் (புரோட்டான், நியூட்ரான் மாதிரி மூணு குவார்க் சேந்த துகள்) கணக்குல குமிழோட அளவு வெப்பநிலைய விட ரெண்டு மூணு மடங்கு வரைக்கும். சூடான, ஓரளவு அடர்த்தியான பகுதிக்கு இது போதும். நியூட்ரான் ஸ்டார்ல இந்தத் தொடர் உள்ள நுழையவே முடியாது, ஏன்னா க்யூசிடி அளவுகோல்ல பாத்தா அது ஐஸ் கட்டி, வெப்பநிலை கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால அந்த விகிதம் எகிறிடும்.

ரெண்டாவது ரகம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நம்ம ஒரு மாறி கணக்குக்கே திரும்ப போவோம். அந்த பெல் கர்வ் மாறி ரியல் கோட்டு மேல ஓடுது, அங்க ஓடுறதாலதான் இந்த எகிறி குதிக்குற ஆட்டம். ஆனா மாறி ரியல் எண்ணா மட்டும்தான் இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல, கலப்பெண் தளத்துல கோட்ட நகர்த்துனாலும் இன்டெகிரல் மாறாதுன்னு கோஷி தேற்றம் சொல்லுது. முழுக் கோட்டையும் அப்படியே 5 ஐ அளவுக்கு மேல தூக்கிடுங்க. தூக்குன இடத்துல ஆட்டம் மொத்தமா நின்னுடும், மிஞ்சுறது சாதாரண பெல் கர்வ், முன்னாடி ஒரு 0.0000037 பெருக்கியா நிக்கும். லட்சம் கோடி சாம்பிள் கேட்ட கணக்கு ஒரு சாம்பிள்கூட இல்லாம முடிஞ்சுது. பல மாறி இருக்குற கணக்குல இப்படி ஆட்டம் நிக்குற வளைஞ்ச பரப்புகளுக்கு லெஃப்ஷெட்ஸ் திம்பிள்னு பேரு, எட்வர்ட் விட்டன் 2010-ல இத ஃபீல்ட் தியரி பக்கம் கொண்டு வந்தாரு, 2012-ல இருந்து லேட்டிஸ் ஆளுங்க கையில எடுத்தாங்க. ஒரு மாறில கோட்ட எங்க தூக்கணும்னு கண்ணால பாத்தே சொல்லலாம், 107 கோடி மாறில அந்தப் பரப்பு எங்க வளையுது, எத்தன துண்டா உடையுதுன்னு கண்டுபிடிக்குறதுதான் தலைவலி, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல வேற ப்ளஸ் மைனஸ் அடிச்சுக்கும்.

இதுக்கு ஒரு சோம்பேறி வெர்ஷன் இருக்கு, காம்ப்ளக்ஸ் லாஞ்செவின். பரப்ப நாம தேட வேண்டாம், மாறிய கலப்பெண் தளத்துல அவுத்து விட்டுடு, ரேண்டமா உதறல் குடு, வெயிட்டோட சரிவு எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் அதுவே போகட்டும். ஜார்ஜியோ பாரிசியும் ஜான் கிளாடரும் 1983-ல சொன்ன ஐடியா, 2021-ல இயற்பியல் நோபல் வாங்குனாரே அதே பாரிசிதான். நம்ம ஒரு மாறி கணக்குல இத ஓட்டுனா மாறி தானா நகர்ந்து அதே 5 ஐ கோட்டுல போய் செட்டில் ஆகும். அங்க போய் மாறியோட வர்க்கத்துக்கு சராசரி எடுத்தா மைனஸ் 24 வரும். ஒரு எண்ணோட வர்க்கத்துக்கு சராசரி மைனஸ்ல! ரியல் கோட்டுல நீங்க எந்த நிகழ்தகவ வெச்சுகிட்டாலும் இந்த விடை வரவே வராது, ஆனா இதுதான் சரியான விடை. சைன் ப்ராப்ளம்னா என்னன்னு ஒரே வரில கேட்டா நான் இந்த மைனஸ் 24-அ தான் காட்டுவேன்.

ஆனா காம்ப்ளக்ஸ் லாஞ்செவின்ல ஒரு கெட்ட குணம் இருக்கு. சில சமயம் சிமுலேஷன் அழகா ஓடும், அழகா ஒரு விடைக்கு வந்து நிக்கும், எரர் பாரும் (பிழை எவ்ளோ இருக்கலாம்னு காட்டுற அளவு) சின்னதா இருக்கும், விடை மட்டும் தப்பா இருக்கும். ஓடவே ஓடாத முறைய கூட நம்பலாம், நம்பிக்கையா தப்பு சொல்றத என்ன பண்றது? இதனாலயே பல வருஷம் இத ஓரமா வெச்சிருந்தாங்க. 2009-க்கு அப்புறம் கெர்ட் ஆர்ட்ஸ், எர்ஹார்ட் சைலர், இயான்-ஓலிம்பியு ஸ்டமட்டெஸ்கு மாதிரி ஆளுங்க உக்காந்து எப்ப நம்பலாம் எப்ப நம்பக் கூடாதுன்னு பாக்க டெஸ்ட்டுகள் உருவாக்குனாங்க. சுருக்கமா சொன்னா மாறி கலப்பெண் தளத்துல ரொம்ப தூரம் ஊர் சுத்தப் போனா சந்தேகப்படணும். அப்படி போகாம அடிக்கடி பிடிச்சு இழுத்துட்டு வர்றதுக்கு கேஜ் கூலிங்னு ஒரு உத்தியும் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் முழு க்யூசிடிலயே இந்த முறைய அடர்த்தி பக்கம் ஓட்டிப் பாக்க முடிஞ்சுது.

இப்ப கடன்காரன் கதவ தட்டுறான். நிஜ நேரம்.

ரெண்டு தங்க அணுக்கருவையோ ஈய அணுக்கருவையோ கிட்டத்தட்ட ஒளி வேகத்துல மோத விட்டுப் பாத்திருக்காங்க, அமெரிக்காவோட புரூக்ஹேவன் ஆய்வகத்துல ரிக்னு சொல்ற மெஷின்ல 2000-ல ஆரம்பிச்சும், ஐரோப்பாவோட செர்ன் ஆய்வகத்துல எல்எச்சினு சொல்ற மெஷின்லயும். மோதுன உடனே வர்ற தீக்கோளம் உயிரோட இருக்குறது ஒரு நொடிய ஒரு கோடியால வகுத்து, திரும்ப ஒரு கோடியால வகுத்து, திரும்பவும் ஒரு கோடியால வகுத்தா என்ன வருமோ அந்த அளவு நேரத்துல நூறுல சில பங்கு, அவ்ளோதான். அந்த நேரத்துக்குள்ளயே அது தாறுமாறான நிலைல இருந்து கிட்டத்தட்ட சமநிலைக்கு வந்து, தண்ணி மாதிரி, இல்ல தண்ணிய விட வழுக்கலா ஓடுற திரவமா நடந்துக்குதுன்னு 2005-ல ரிக் குழுக்கள் அறிவிச்சாங்க. இவ்ளோ சீக்கிரமா எப்படி சமநிலைக்கு வந்துச்சு? இத கற்பனை நேரத்துல கேக்கவே முடியாது, ஏன்னா கற்பனை நேரம்ங்குறதே ஏற்கனவே சமநிலைக்கு வந்துட்ட சிஸ்டத்துக்கான ஏற்பாடு. நிஜ நேரத்துக்கு போனா ஃபெய்ன்மேனோட சுத்துற கடிகார முள்ளு திரும்ப வந்துடும். அடர்த்தில வெயிட்டோட ஒரு பகுதிதான் சுத்துச்சு, இங்க மொத்த வெயிட்டும் சுத்துது, எந்த வடிவமும் எந்த வடிவத்த விடவும் முக்கியம் இல்ல, எல்லாத்துக்கும் நீளம் ஒண்ணுதான். சைன் ப்ராப்ளத்தோட உச்சம். போதாக்குறைக்கு சமநிலை இல்லாத சிஸ்டத்துக்கு ஷ்விங்கரும் கெல்டிஷும் 1960-களோட முதல் பாதில காட்டுன பாதைல, நேரத்துல முன்னாடி போய் திரும்ப கிளம்புன இடத்துக்கே பின்னாடி வரணும், ரெண்டு தடவையும் முள்ளு சுத்தும்.

நம்ம பொம்மை கணக்குல இதுக்கு என்ன பண்ணுவோம்? கோட்ட மேல தூக்குறதுக்கு பதிலா 45 டிகிரி சாய்ச்சா சுத்துற முள்ளு நின்னு பெல் கர்வ் ஆயிடும். அதே திம்பிள் ஐடியா, அதே லாஞ்செவின் ஐடியா ரெண்டையும் நிஜ நேரத்துலயும் ஓட்டிப் பாத்திருக்காங்க, யூர்கன் பெர்கஸ் குழு 2000-களோட நடுவுல ஆரம்பிச்சு வெச்சது. குறுகிய நேரத்துக்கு ஓடும், நேரம் நீண்டா தப்பான விடைக்கு வழுக்கிடும்.

அதனால இந்தப் பக்கம் ஆளுங்க வேற குறுக்கு வழிகள நம்புறாங்க. மோதலோட முதல் கணத்துல குளுவான் கூட்டம் கூட்டமா நெருக்கியடிச்சு இருக்கும், அவ்ளோ நெரிசல்ல குவான்டம் குணம் மங்கி புலம் கிட்டத்தட்ட சாதாரண அலை மாதிரி நடந்துக்கும், அதனால ஆரம்ப நிலைல மட்டும் குவான்டம் உதறல ரேண்டமா போட்டுட்டு அப்புறம் பழைய காலத்து சமன்பாட்டுலயே நேரத்த ஓட்டிடலாம். இது உண்மைலயே நல்லா வேலை செய்யுது, கூட்டம் கலைய ஆரம்பிக்குற வரைக்கும். திரவம் எவ்ளோ வழுக்கல்னு தெரிய கற்பனை நேரத்துல வந்த டேட்டாவ நிஜ நேரத்துக்கு மாத்திப் பாக்குறதும் உண்டு, ஆனா அது நிழல வெச்சு முகத்த வரையுற வேலை, நூறு வேற வேற முகத்துக்கு ஒரே நிழல் விழும், எரர் பார் கொஞ்சம் அசைஞ்சாலே மூக்கு காதாயிடும்.

"ஏதாவது ஒரு புத்திசாலி ஒரு பொது வழிய கண்டுபிடிச்சுட மாட்டாரா"ன்னு கேட்டா, மத்தியாஸ் ட்ராயரும் ஊவே-யென்ஸ் வீசேவும் 2005-ல ஒரு பதில் குடுத்தாங்க: எல்லா சைன் ப்ராப்ளத்தையும் தீக்குற ஒரே முறை வேகமா ஓடுதுன்னா, கம்ப்யூட்டர் சயின்ஸ்ல என்பி-னு சொல்ற எல்லா கஷ்டமான கணக்கும் வேகமா ஓடணும். அப்படி நடக்கும்னு யாரும் எதிர்பாக்கல. ஆனா இது பொதுவான வழிக்குத்தான் தடை, குறிப்பிட்ட ஒரு தியரிக்கு தனியா வழி இருக்கலாம், சில மாடல்களுக்கு ஏற்கனவே கண்டுபிடிச்சும் இருக்காங்க, வடிவங்கள புத்திசாலித்தனமா குழு சேத்து ப்ளஸ் மைனஸ் குழுவுக்குள்ளயே அடிச்சுக்குற மாதிரி பண்ணி. வெயிட்டுல மைனஸ் வர்றது நாம கணக்க எந்த மாறில எழுதுறோம்ங்குறத பொறுத்தது, நட்சத்திரத்துக்கு சைன் ப்ராப்ளம் எல்லாம் கிடையாது, அது பாட்டுக்கு இருக்கு. க்யூசிடிக்கு அந்த நல்ல மாறி எதுன்னு இன்னும் யாருக்கும் கிடைக்கல.

வெயிட்டே வேண்டாம்னு ஒதுங்கிப் போற கூட்டமும் இருக்கு. டென்சர் நெட்வொர்க்னு ஒண்ணு, குவான்டம் நிலைய நேரடியா சுருக்கி மெமரில வெச்சுக்குறது. இதுல நிகழ்தகவே இல்லாததால சைன் ப்ராப்ளமும் இல்ல. ஒரு பரிமாண உலகத்துல பிரமாதமா ஓடுது, மூணு பரிமாணத்துல திணறுது, நிஜ நேரத்துல நேரம் போகப் போக என்டாங்கிள்மென்ட், அதாவது சிஸ்டத்தோட பகுதிகளுக்கு நடுவுல இருக்குற குவான்டம் பிணைப்பு, ஏறி மெமரி வெடிச்சுடும். இன்னொண்ணு குவான்டம் கம்ப்யூட்டர், குவான்டம் சிஸ்டத்த குவான்டம் மெஷின்லயே ஓட்டணும்னு ஃபெய்ன்மேன் 1981-லயே பேசுனது. முள்ளு சுத்துறது அந்த மெஷினுக்கு இயல்பு, அதுக்கு அது பிரச்சனையே இல்ல. 2016-ல ஆஸ்திரியால இன்ஸ்ப்ரூக்ல நாலே நாலு அயனிய மின்புலத்துல பிடிச்சு வெச்சு, ஒரு பரிமாண எலக்ட்ரோடைனமிக்ஸ்ல வெற்றிடத்துல இருந்து துகளும் எதிர்த்துகளும் ஜோடியா பிறக்குறத நிஜ நேரத்துல ஓட்டிக் காட்டுனாங்க. நாலு அயனி, ஒரு பரிமாணம், கலரே இல்லாத தியரி. நமக்கு வேணுங்குறது மூணு பரிமாணம், மூணு கலர், கோடிக்கணக்கான புள்ளி. நடுவுல இருக்குற தூரம் பெருசு, இப்போதைக்கு நியூட்ரான் ஸ்டாரோட நடுப்பகுதிய பத்தி நமக்கு தெரியுறது எல்லாம் 2017 ஆகஸ்ட் 17-ல ரெண்டு நியூட்ரான் ஸ்டார் மோதுன ஈர்ப்பலை மாதிரி வானத்துல இருந்து வர்ற துப்புகளும், நிறைய அடர்த்தி இருந்தா மட்டும் நம்பக்கூடிய கை கணக்குகளும், கம்மி அடர்த்தில அணுக்கரு இயற்பியல் சொல்றதும், இந்த மூணுக்கும் நடுவுல இழுத்துக் கட்டுன கோடும்தான்.